மியூமேக்ஸ்3: ஸ்கிர்மியானைக் கரண்ட்டில் ஓட்டிப் பார்க்க நம்பலாமா?

கோவை, ஈரோடு, பெருந்துறை பக்கம் எல்லாக் கல்லூரியிலும் மெல்லிய படலம் பூசும் ஸ்பட்டரிங் மெஷின் இருக்காது. அடுக்குக் காந்தப் படலங்களில் ஸ்கிர்மியான் (நானோமீட்டர் அளவிலான காந்தச் சுழல்) ஓட்டம் என்று எம்.எஸ்சி. புராஜெக்ட் எடுத்தால் பெரும்பாலும் மியூமேக்ஸ்3-இல்தான் வந்து நிற்க வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் எழுதிய, காந்தப் படலத்தின் நடத்தையைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் இலவச மென்பொருள் இது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம்; 4 ஜிபி கேமிங் கார்டே தாராளம்.

ஒற்றைக் கோபால்ட் படலத்துக்குக் குறை சொல்ல இடமில்லை. 256-க்கு 128 செல், பக்கத்துக்கு 1 நானோமீட்டர், செறிவுக் காந்தமாக்கம் மீட்டருக்கு 5,80,000 ஆம்பியர், டிஎம்ஐ (பக்கத்துப் பக்கத்து ஸ்பின்களை ஒன்றுக்கொன்று சாய்த்துச் சுழலை உண்டாக்கும் பிணைப்பு) சதுர மீட்டருக்கு 3 மில்லிஜூல். நீல் (Néel) வகை ஸ்கிர்மியானை வைத்து, ஆற்றல் குறைந்த நிலையைத் தேடும் ரிலாக்ஸ் கட்டளையைக் கொடுத்தால் தன் அளவுக்கு வந்து நின்றுவிடும்.

வில்லங்கம் கரண்ட்டில்தான். கோபால்ட்டை ஒட்டியுள்ள பிளாட்டினத்தில் கரண்ட் எக்ஸ் திசையில் ஓடுகிறதே என்று ஜே-யையும் (கரண்ட் அடர்த்தி) எக்ஸிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து படலத்துக்குள் வரும் ஸ்பின், காந்தத் திசையைத் திருப்புவதைக் கணக்கிடும் ஸ்லோன்செவ்ஸ்கி டார்க் (மோட்டார் பட்டறையில் சொல்லும் அதே டார்க்தான்) ஜே-யின் இசட் திசைப் பகுதியை மட்டுமே படிக்கும். எக்ஸில் கொடுத்தால் வேலை செய்வது, காந்தப் படலத்துக்குள்ளேயே ஓடும் கரண்ட்டுக்கான ஜாங்-லீ டார்க். ஸ்கிர்மியானும் நகரும், எரரும் வராது, விடை மட்டும் தப்பு. ஜே-யை இசட்டில் போட்டு, வரும் ஸ்பின்னின் திசையைச் சொல்லும் ஃபிக்ஸ்டு லேயரை ஒய் திசையில் வைத்து, Pol என்ற அளவுருவுக்கு ஸ்பின் ஹால் கோணத்தையும் (கரண்ட்டில் எவ்வளவு ஸ்பின் ஓட்டமாக மாறுகிறது என்ற அளவு) Lambda என்ற அளவுருவுக்கு 1-ஐயும் கொடுங்கள். சூத்திரத்திலேயே அரை இருக்கிறது. கையால் இன்னொரு முறை பாதியாக்க வேண்டாம்.

பல அடுக்கு என்றால் இன்னொரு குழி. 1 நானோமீட்டர் கோபால்ட் மூன்று, நடுவே 2 நானோமீட்டர் வெற்றிடம் இரண்டு: மொத்தம் 7. ஃப்ரீ லேயர் திக்னஸை (ஒரு காந்தப் படலத்தின் தடிமன்) சொல்லாமல் விட்டால் அந்த 7-ஐயே தடிமனாக எடுத்துக்கொண்டு டார்க்கை ஏழில் ஒன்றாகக் குறைத்துவிடும். 'ஸ்கிர்மியான் நகரவே மாட்டேங்குது' என்ற புலம்பல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஸ்கிர்மியான் நேராக ஓடாது. ஹால் விளைவால் பக்கவாட்டில் ஒதுங்கும். கரண்ட் கூடினால் ஓரத்தில் மோதி அழியும், டோபாலஜிகல் சார்ஜ் (ஸ்பின்கள் எத்தனை முழுச் சுற்று சுற்றுகின்றன என்ற எண்) 0-க்கு விழும். ஓரத்தில் ஸ்பின் சாய்வதால் சார்ஜ் முழு எண்ணாக வராதது கோளாறு அல்ல. இடத்தைப் பின்தொடர பபிள் பொசிஷன் வசதி உண்டு. ஆனால் அதன் இயல்பு அமைப்பு, ஸ்கிர்மியான் மையத்தின் காந்தத் திசை +1 (மேல்நோக்கி) என்று எண்ணிக்கொள்ளும். உங்கள் மையம் கீழ்நோக்கினால் -1 ஆக்குங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் யுபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். 0.1 நானோசெகண்டுக்கு ஒருமுறை ஆட்டோசேவ் வையுங்கள். கோப்பை ஏற்றித் தொடர்ந்தால் காந்தநிலை வரும், கடிகாரம் 0-விலிருந்து ஓடும். ஸ்கிரிப்டுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டே ஓட்டுங்கள், பழைய முடிவு பத்திரமாக இருக்கும்.

ஹால் ஒதுக்கத்தை ரத்துசெய்யும் செயற்கை ஆன்டிஃபெரோ அடுக்குகளுக்கு (எதிரெதிர்த் திசையில் காந்தமான இரு படலங்கள்) மியூமேக்ஸ்3 சுமார்தான். அந்த இரு படலங்களையும் இடைவெளி தாண்டி எதிரெதிராக நிறுத்தும் ஆர்கேகேஒய் (RKKY) பிணைப்பு தானாக வராது. இரு படலத்தையும் ஒட்டிவைத்து, இடையிலான எக்ஸ்சேஞ்சை (பக்கத்து ஸ்பின்களின் பிணைப்பு) எதிர்க்குறியில் கொடுத்து ஒப்பேற்றலாம்.