மோகனாம்பாள் சொந்த ஊரில் மேடையேறினாள்

போன சனிக்கிழமை ராத்திரி திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை மேடை நாடகமாகப் போட்டார்கள். நாயனக்காரர் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக்காரி மோகனாவுக்கும் நடக்கும் போட்டியும் காதலும்தான் கதை. பாட்டு, ஆட்டம், மேளம், ஜிகினா எல்லாம் சேர்த்து மூணேகால் மணி நேரம். அத்தையோடு போயிருந்தேன். அடுத்து உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் முதல் அரை மணி நேரத்தை வைத்து முடிவு கட்டி எழுந்து வந்துவிடாதீர்கள். எனக்கே அப்படி எழுந்துவிடலாமா என்று தோன்றியது.

காரணம், நாயனம், அதாவது நாதஸ்வரம். படுதா விலகியதும் சண்முகசுந்தரம் வேஷக்காரர் கோயில் மண்டபத்தில் நின்று ஊதுகிறார், சத்தம் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பதிவு செய்து கொண்டுவந்ததைப் போட்டுவிட்டு அவர் விரலை ஆட்டுகிறார். விரல் ஒரு பக்கம், வேகமாக உருளும் பிருகா ஒரு பக்கம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், "வாய் இங்க இருக்கு, நாயனம் அங்க கேக்குதே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். படத்திலும் சிவாஜி ஊதவில்லைதான், ஊதியவர்கள் மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் அங்கே கேமரா கிட்டப் போகிறது. கழுத்து நரம்பு, உப்பும் கன்னம், ஊதும் முனையிலிருக்கும் சீவாளியைக் கவ்வும் உதடு என்று ஒவ்வொன்றையும் காட்டி, இவர்தான் ஊதுகிறார் என்று நம்மைச் சத்தியம் பண்ண வைத்துவிடுகிறது. முப்பது அடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நரம்பு எங்கே தெரியும்? அவளுக்கு வந்து சேர்வது சத்தம் ஒன்றுதான். அதுவும் திருவாரூரில்! சாயரட்சைக்குக் கோயிலில் மேளம் கேட்டு வளர்ந்த ஜனங்களிடம் போய் இப்படிச் செய்யலாமா என்று மனசு நொந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தேன்.

சரி, நல்லதைச் சொல்கிறேன்.

நம்மூர் வழக்கம் நேர்மாறானது. நாடகம்தான் முதலில் வரும், அது ஓடினால் படமாக்குவார்கள். 'ரத்தக்கண்ணீர்' அப்படி வந்ததுதான். இங்கே படம் மேடைக்கு இறங்குகிறது, அதுவும் 1968-ல் வந்து வசனம் முதல் கண்ணசைவு வரை எல்லோருக்கும் மனப்பாடமான படம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய கதை, ஏ.பி.நாகராஜன் இயக்கியது. கதாநாயகன் சிக்கல், கதாநாயகி திருவாரூர். இரண்டு ஊருக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர்கூடக் கிடையாது. மேடையில் முதல்முறை 'சிக்கல் சண்முகசுந்தரம்' என்று அறிவித்ததும் வலது பக்கம் ஒரு கூட்டமே விசில் அடித்தது. பஸ் பிடித்து சிக்கலிலிருந்து வந்தவர்களாம். அடுத்து 'திருவாரூர் மோகனாம்பாள்' என்றதும் மண்டபம் அதிர்ந்தது. என் அத்தையும் கை தட்டினார், எழுபது வயதில்.

மோகனா உள்ளே வந்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பின்னால் கோபுரம் எழுதிய படுதா, அதன் ஓரம் முழுக்க சீரியல் லைட், மேலிருந்து ஒரு ரோஸ் கலர் வெளிச்சம், நடுவில் அந்தப் பெண். ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம், இடுப்பிலிருந்து விசிறியாக விரியும் பட்டு, எல்லாமே ஒரு பங்கு கூடுதல். புடவைக் கரையின் ஜரிகை கடைசி வரிசை வரைக்கும் பளீரென்று அடித்தது. இதை அதிகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. கண்ணுக்கு நிறைவாகப் பார்க்க வேண்டும் என்று காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆர்.எஸ்.மனோகர் நாடகங்களின் தந்திரக் காட்சிகளைப் பற்றி அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த ஆசை கொஞ்சம் தீர்ந்தது.

அப்புறம் ஜில் ஜில் ரமாமணி. இந்தப் பாத்திரத்தை ஒரு ஆண் போட்டிருந்தார். நம் பழைய ஸ்திரீபார்ட் வழக்கம் அப்படியே. சிவாஜியே சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவர்தான். தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் இன்றைக்கும் ஆண்களே பெண் வேஷம் கட்டுகிறார்கள். அதனால் கூட்டத்தில் யாருக்கும் இது புதுசாகத் தெரியவில்லை. மனோரமாவைக் காப்பி அடிக்காமல், தனக்கென்று ஒரு நடை, தலையை ஒரு வெட்டு வெட்டிவிட்டு அரை நொடி நிற்கிற ஒரு நிதானம். ஊர் ஊராகப் போய் ஆடும் மேடைக்காரிதானே ரமாமணி? படத்தில் அவள் ஆடும் மேடையையும் அவளைப் பார்க்கும் கூட்டத்தையும் நாம் வெளியே இருந்து பார்க்கிறோம். இங்கே அந்தக் கூட்டமே நாங்கள்தான். 'பாண்டியன் நானிருக்க' பாட்டுக்கு அவர் முன்னால் வந்து நின்று முதல் வரிசையைப் பார்த்துச் சிரித்தபோது எனக்குப் புல்லரித்தது. படத்தில் கிடைக்காத ஒன்று மேடையில் கிடைத்தது அந்த இடத்தில்தான்.

இடைவேளையில் மேடைக்குப் பக்கவாட்டில் போய் அவரைக் கிட்டத்தில் பார்த்தேன். ரவிக்கை முழுக்கச் சம்கி, ஒவ்வொன்றும் ஊசி நூலால் கோத்துத் தைத்தது. ஒட்டவில்லையா என்று கேட்டேன். "பசை போட்டா வேர்வையில உதிர்ந்துடும்மா, நானே ஒக்காந்து தச்சது" என்றார். வலது தோளில் மட்டும் நூலின் நிறம் மாறியிருந்தது, அங்கே புதிதாகத் தைத்திருக்கிறார்.

இடைவேளைக்கு அப்புறம் நாயனத்துக்கும் ஆட்டத்துக்குமான போட்டிக் காட்சி. ஓரமாக இருந்த கறுப்புத் துணியை விலக்கினால் நிஜமான மேளச் செட் உட்கார்ந்திருக்கிறது! இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. வேஷக்காரர் வாத்தியத்தை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு பார்வையாலேயே சவால் விடுகிறார், ஊதுவது இவர்கள். முதல் சொல்லு தவிலில் விழுந்ததுமே மண்டபத்தின் முகம் மாறிவிட்டது. அந்தப் பெண் ஆட ஆட நாயனம் துரத்துகிறது, நாயனம் ஏற ஏற அவள் கால் விடவில்லை. சலங்கைச் சத்தம் தனியாகக் காதில் விழுந்தது. பதிவில் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும், ஆடுகிறவள் அதன் பின்னால் ஓட வேண்டியதுதான். இங்கே ஒரு இடத்தில் அவள் அரை ஆவர்த்தம், அதாவது தாளச் சுற்றில் பாதி, தள்ளி எடுத்ததைத் தவில்காரர் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே அவளுக்காக முடிப்புக்கு வாசிக்கும் கோர்வையை நீட்டி வாசித்துச் சேர்ந்து முடித்தார். நான் பார்த்த ராத்திரிக்கு மட்டும் நடந்தது அது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

'நலந்தானா' இன்னும் நன்றாக இருந்தது. ஒரே நாயனம், ஓரத்தில் நின்று பாடிய ஒரு பெண் குரல், மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். அத்தனை பளபளப்புக்கு அப்புறம் அந்த இருட்டு. கையில் கட்டோடு அவன் நிற்க, இவள் அபிநயத்தாலேயே கேட்கிறாள். பின் வரிசைப் பெரியவர் வாயே திறக்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. நாயனத்துக்கு மைக் எதற்கு? திறந்த வெளியில் நாலு வீதிக்கும் கேட்பதற்கென்றே இருக்கிற வாத்தியம் அது. மண்டபத்துக்குள் அதன் முன்னால் மைக்கை நட்டதில், முன் வரிசைக் குழந்தைகளெல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. வைத்தி வேஷம் போட்டவர் நாகேஷின் வேகத்தைப் பிடிக்கப் போய்ப் பாதி வசனத்தை முழுங்கிவிட்டார். மதன்பூர் மகாராஜா வரும் பகுதியைப் பத்து நிமிஷத்தில் அள்ளி முடித்ததால், சண்முகம் ஏன் சந்தேகப்படுகிறான் என்றே படம் பார்க்காதவர்களுக்குப் புரியாது. ஆறு மணி என்று போட்டுவிட்டு ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பித்தார்கள். கடைசி பஸ் நினைப்பில் பத்து பேர் முடிவைப் பார்க்காமலே போனார்கள்.

இவர்கள் ஒன்றே ஒன்றைச் செய்தால் போதும். இடைவேளைக்கு அப்புறம் உட்கார வைத்த அந்தச் செட்டை முதல் காட்சியிலேயே உட்கார வையுங்கள், பதிவைத் தூக்கிப் போடுங்கள். செலவு கூடும் என்றால் டிக்கெட்டில் ஐம்பது ரூபாய் ஏற்றுங்கள், நான் தருகிறேன்.

முடிந்ததும் அத்தை நேரே மேளக்காரர்களிடம் போய்விட்டார். தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். "நரசிங்கம்பேட்டை நாயனமா தம்பி?" என்று, நாயனம் செய்வதற்குப் பேர்போன அந்த ஊரைச் சொல்லி அத்தை கேட்க, மூத்தவர் ஆமாம்மா என்று சொல்லி, சீவாளியைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு வாத்தியத்தை அத்தை கையில் கொடுத்தார். ஆச்சா மரம், கரும்பழுப்பில் வழவழவென்று இருந்தது. விரல் படும் இடங்களில் மட்டும் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அத்தை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த மாதம் மன்னார்குடியில் போடுகிறார்களாம். 400 ரூபாய் டிக்கெட் போதும். இடது பக்கம் ஏழாவது எட்டாவது வரிசையில் இடம் பிடியுங்கள், செட் அந்தப் பக்கம்தான் உட்காருகிறது.