மண்டபம் ஊரில் வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர்: 5-க்கு 1 தான்

எங்கள் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, அதனால் குடிக்க, உலை வைக்க எல்லாவற்றுக்கும் 20 லிட்டர் கேனை நம்பித்தான் வீடு ஓடுகிறது. தண்ணீர் போடும் தம்பி நேரத்துக்கு வருவார், மாடிவரை தூக்கி வைப்பார், அந்த 1 மதிப்பெண் அவருக்குத்தான்.

தண்ணீர்தான் பிரச்சினை. கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அடி வளையத்தில் பச்சையாகப் பாசி ஒட்டியிருக்கிறது. மூடியில் சீல் கவர் இருந்தாலும் தயாரித்த தேதி போட வேண்டிய இடம் வெறுமை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) தரும் 14 இலக்க உரிம எண்ணையும் காணோம். கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டால், "ஊரே இதைத்தான்ண்ணே குடிக்குது" என்கிறார்கள். பில்லும் தர மாட்டார்களாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம். வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் துவண்டு போவது குழந்தைகள், இதில் என்ன சமாதானம் வேண்டியிருக்கிறது?

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லிவிட்டேன், கேன்களை மூடாமல் மொட்டை வெயிலில் வண்டியில் கொண்டுவருவதையும் சேர்த்து. இப்போது தேதி, எண் எல்லாம் தெளிவாக அச்சடித்த வேறு கேன் வாங்குகிறோம். விலை கொஞ்சம் கூடுதல்தான், பில் கேட்காமலே தருகிறார்கள்.