மினிஃப்ளக்ஸா, ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸா: வீட்டு ராஸ்பெரி பைக்கு எது?

பென்னாகரத்திலோ காவேரிப்பட்டணத்திலோ வீட்டிலேயே, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், ஃபீட் ரீடர் (பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் மென்பொருள்) ஓட்ட நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது கரண்ட் கட்.

மினிஃப்ளக்ஸ் கோ மொழியில் எழுதிய ஒற்றை நிரல். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸ் சர்வர் இல்லாமல் ஓடாது. கரண்ட் வந்ததும் ராஸ்பெரி பை எழுந்துவிடும், இன்டர்நெட் வரத் தாமதமாகும். ஒரு ஃபீடை எடுக்க முயன்று தொடர்ந்து 3 முறை தோற்றால், அதன்பின் மினிஃப்ளக்ஸ் அதைத் தானாகத் தொடாது. நாம்தான் கையால் புதுப்பிக்க வேண்டும். 'போலிங் பார்சிங் எரர் லிமிட்' அமைப்பை 0 ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை. டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பை மட்டும் மாற்றினால் பழைய டேட்டா திறக்காது. முதலில் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுங்கள்.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பி மொழியில் எழுதியது. டேட்டாவை ஒரு ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட்டே போதும், சர்வரை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. இங்கே சிக்கல் க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது): ஃபீடுகளைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டை ரூட் (நிர்வாகி) கணக்கில் ஓட்டினால் ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகி, வெப் சர்வர் எழுத முடியாமல் நிற்கும். வெப் சர்வரின் பயனர் கணக்கிலேயே ஓட்டுங்கள். ஃபீடே தராத தளங்களையும் எக்ஸ்பாத் (பக்கத்தில் எந்தப் பகுதியை எடுப்பது என்று சொல்லும் குறிப்பு) எழுதிப் படிக்கலாம். தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு இது பெரிய வசதி.

படிக்க அழகு மினிஃப்ளக்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் யூபிஎஸ் இல்லாத பைக்கு, ஒருவர் மட்டும் படிப்பதென்றால், எஸ்க்யூலைட்டோடு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். எதுவானாலும் டேட்டாவை எஸ்டி கார்டில் வைக்காமல் யூஎஸ்பி எஸ்எஸ்டியில் வையுங்கள்.