அலியா, லூயிஸா: மறு ஆட்டம் தராமல் விலகியது யார்?

அப்பாவின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருக்கும். 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் முகம்மது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டையில் மோதிய படம். மைதா பசை காய்ந்து காகிதம் மஞ்சளாகி, பக்னரின் முகம் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அப்பா அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிடுவார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கோலாலம்பூர் போய் டிக்கெட் எடுக்க வசதி இல்லை. ஆனால் அலி நம் நாட்டுக்கு வந்து 15 சுற்றும் ஆடி ஜெயித்துவிட்டுப் போனது அவருக்குச் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி.

அதனால்தான் போன வாரம் கோப்பிக் கடையில் கேட்ட பேச்சு எனக்குச் சுருக்கென்றது. "எல்லாருக்கும் ரெண்டாவது ஆட்டம் கொடுத்த அலி, ஃபோர்மனுக்கு மட்டும் ஏன் கொடுக்கல?" என்றார் ஒருவர். பக்கத்து மேசையிலிருந்து இன்னொருவர், "லூயிஸ் மட்டும் கிளிட்ச்கோவுக்குக் கொடுத்தாரா அண்ணே?" என்றார். அலியும் லெனாக்ஸ் லூயிஸும் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர்கள். அலியிடம் ஜார்ஜ் ஃபோர்மனும், லூயிஸிடம் விட்டாலி கிளிட்ச்கோவும் ஒரு முறை தோற்றார்கள், மறு ஆட்டம் கிடைக்கவில்லை. இரண்டும் நியாயமான கேள்விகள். வீட்டுக்கு வந்து தேதிகளை எழுதிப் பார்த்தேன்.

அதற்கு முன் எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் டிவிசனும் இரண்டாம் டிவிசனும் பந்து விளையாடினால், தோற்றவர்கள் அன்றைக்கே ரிட்டர்ன் மேட்ச் கேட்பார்கள். ஜெயித்தவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கோப்பையைக் கொண்டுவந்து திடலில் வைத்துவிட வேண்டும். ஆடவும் மாட்டேன், கோப்பையும் என் வீட்டில்தான் இருக்கும் என்றால் ஊர் சும்மா விடாது.

லூயிஸை முதலில் எடுத்துக்கொள்வோம். 2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலிஸ். லூயிஸ் மோத வேண்டியது கிர்க் ஜான்சனோடு. அவர் காயத்தால் விலக, சுமார் இரண்டு வார அவகாசத்தில் விட்டாலி கிளிட்ச்கோ வந்தார். 37 வயது லூயிஸ் 116 கிலோ எடையோடு மேடை ஏறினார். அவருடைய ஆட்டங்களிலேயே அதிக எடை. இரண்டாம் சுற்றில் கிளிட்ச்கோவின் குத்தில் தடுமாறினார். மூன்றாம் சுற்றில் லூயிஸின் வலது கை கிளிட்ச்கோவின் இடது கண்ணுக்கு மேல் கிழித்தது. ஆறு சுற்று முடிந்ததும் மருத்துவர் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அப்போது மூன்று நடுவர்களின் அட்டையிலும் 58-56 என்று கிளிட்ச்கோதான் முன்னால் இருந்தார். குத்தினால் வந்த வெட்டு என்பதால் வெற்றி லூயிஸுக்கு. விதிப்படி சரி. ஆனால் முகமெல்லாம் ரத்தத்தோடு, ஆட விடுங்கள் என்று கத்திய மனிதனைப் பார்த்த யாருக்கும் கணக்கு முடிந்ததாகத் தோன்றியிருக்காது.

அந்த டிசம்பரில் கிளிட்ச்கோ அதே ஜான்சனை இரண்டே சுற்றில் முடித்தார். லூயிஸ் 2004 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். பட்டம் காலியானது, ஏப்ரலில் கோரி சாண்டர்ஸை வென்று கிளிட்ச்கோ அதை எடுத்துக்கொண்டார். லூயிஸ் பிறகு மேடை ஏறவே இல்லை.

தவிர்த்தாரா என்றால், தவிர்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மெக்காலிடமும் ரஹ்மானிடமும் தோற்றபின் திரும்பத் தேடிப்போய் ஜெயித்தவர் அவர். இந்த முறை மட்டும் உடம்பு ஏழு மாதம் யோசித்து, வேண்டாம் என்றது. ஆனால் கோப்பையைத் திடலில் வைத்துவிட்டுத்தான் போனார்.

உண்மையிலேயே ஓடியவர் வேறொருவர். 1988 சோல் ஒலிம்பிக் இறுதியில் லூயிஸ், ரிடிக் போவை இரண்டாம் சுற்றில் வென்றார். 1992 டிசம்பரில், சாம்பியனாக இருந்த போவ், லூயிஸோடு மோதச் சொன்ன குத்துச்சண்டை அமைப்பின் பட்டத்தைக் கேமராக்களுக்கு முன்னால் குப்பைத் தொட்டியில் போட்டார். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இப்போது அலி. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

1974 அக்டோபர் 30, கின்ஷாசா. 40 ஆட்டத்தில் தோல்வியே அறியாத, 25 வயது ஜார்ஜ் ஃபோர்மனை 32 வயது அலி எட்டாம் சுற்றில் சாய்த்தார். கயிற்றில் சாய்ந்து அடியை வாங்கிக்கொண்டு, எதிராளியைக் களைக்கவைத்த ஆட்டம். அடுத்த வருடம் வெப்னர், லைல், இங்கே பக்னர், மணிலாவில் ஃபிரேசியர் என்று நான்கு ஆட்டம். பக்னரை அலி 1973-லேயே ஒருமுறை வென்றிருந்தார். ஏற்கெனவே தோற்றவருக்கு மறு ஆட்டம், ஃபோர்மனுக்கு இல்லையா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அந்த வருடம் ஃபோர்மன் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏப்ரலில் டொரண்டோவில் ஒரே நாளில் ஐந்து பேரோடு காட்சி ஆட்டம் ஆடினார். கணக்கில் வரும் ஆட்டம் ஒன்றுகூட இல்லை, கிட்டத்தட்ட 15 மாதம். வரிசையில் நிற்காதவரைக் கூப்பிடவில்லை என்று 1975-ல் அலி மேல் பழி போட முடியாது.

1976 அப்படி இல்லை. ஜனவரியில் ஃபோர்மன் லைலை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். இரண்டு பேரும் மாறி மாறித் தரையில் விழுந்து எழுந்த ஆட்டம் அது. ஜூனில் ஃபிரேசியரையும் ஐந்தாம் சுற்றில் முடித்தார். இதைவிட உரக்கக் கதவைத் தட்ட முடியாது. அதே வருடம் அலி மோதியது கூப்மன், ஜிம்மி யங், ரிச்சர்ட் டன், கென் நார்டன். நார்டன் 1973-ல் அலியின் தாடையை உடைத்தவர். அவரோடு மூன்றாவது முறை மோதியதைக் குறை சொல்ல மாட்டேன். யங்கும் 15 சுற்று வரை விடாமல் ஆடினார். கூப்மனும் டன்னும்? ஐந்தைந்து சுற்றில் முடிந்த அந்த இரண்டு தேதிகளில் ஒன்று ஃபோர்மனுடையதாக இருந்திருக்கலாம்.

1977 மார்ச்சில் ஃபோர்மன் யங்கிடம் தோற்று, மேடையை விட்டு விலகிப் பிரசங்கியானார். கதவு தானாக மூடிக்கொண்டது. அலி தவிர்த்த காலம் என்று நான் சொல்வது ஒரு வருடத்துக்குச் சற்று அதிகம். அந்த நாளெல்லாம் பட்டம் அவர் இடுப்பில்தான் இருந்தது. லூயிஸுக்கும் அவருக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பயம் என்று சொல்லவே மாட்டேன். ஃபிரேசியரோடு மணிலாவில் 14 சுற்று நின்றவருக்குப் பயம் ஏது? ஆனால் அந்தக் கயிற்று வித்தை ஃபோர்மனிடம் இரண்டாம் முறை செல்லாது என்பதும், மணிலாவோடு தன் உடம்பில் பெரும்பகுதி போய்விட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பின்னாளில் அந்தக் கைகள் நடுங்கியதைப் பார்த்தவன் என்பதால், அந்த ஆட்டம் நடக்காததில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. நிம்மதி வேறு, நியாயம் வேறு. தோட்டத்து வழக்கப்படி பார்த்தால் கோப்பையை வீட்டில் வைத்துக்கொண்டு ஆடாமல் இருந்தவர் அலிதான்.

அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசியிருக்க மாட்டார். பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. படம் 1975-ஐச் சேர்ந்தது, 1976 இல்லை. மூலை மறுபடி பிரிந்திருந்தது. பசை காய்ச்சி ஒட்டிவிட்டேன்.