ஜார்ஜ் டவுன் தெருக்களும் மாதவரத்து மனைப்பிரிவுகளும்: ஓர் ஒப்பீடு

வட சென்னையில் இருவகைத் தெரு அமைப்புகளைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் காணலாம். தம்பு செட்டித் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் ஏறத்தாழ இணையாகச் செல்ல, குறுக்குத் தெருக்கள் அவற்றை இணைக்கும் ஜார்ஜ் டவுன் ஒன்று. மாதவரம், புழல் பக்கத்தில் வயலாகவும் தோட்டமாகவும் இருந்த நிலங்களில், அவரவர் தனித்தனியே மனை போட்டு விற்றதால் உருவான நகர்கள் மற்றொன்று. 2011-இல் மாதவரமும் மணலியும் திருவொற்றியூரும் மாநகராட்சியோடு இணைந்தன. ஆனால் எல்லை இணைந்ததால் தெருக்கள் இணைந்துவிடவில்லை.

ஒரு சந்திப்பில் எத்தனை வழிகள் கூடுகின்றன என்பதே தெரு இணைப்பின் எளிய அளவுகோல்: நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று. முட்டுச்சந்துகள் பெருகப் பெருக நடைதூரம் கூடுகிறது. 2020-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டில், 1975-க்குப் பிறகு புதிதாக எழுந்த பகுதிகளின் தெருக்கள் முன்னைவிட இணைப்புக் குறைந்தவையாக மாறின எனக் கண்டது.

ஜார்ஜ் டவுனில் நெரிசல் கடுமையானது. சரக்கு இறக்கும் வண்டிகளும் நடப்பவர்களும் ஒரே குறுகிய தெருவில் முட்டிக்கொள்கிறார்கள். ஆயினும் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெரு வழியாகப் போய்விட முடிகிறது. மண்ணடி மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியேறுபவர் பல திசைகளில் நேராக நடந்து செல்ல முடிவதால், அந்த நிலையத்தின் பயன் பல தெருக்களுக்குப் பரவுகிறது. தெருக்கள் இணையாத இடத்தில் நிலையம் அருகில் இருந்தும் தொலைவாகிவிடும்.

ஒரே வாயில் கொண்ட நகர்களில் வெளி வண்டிகள் நுழைவதில்லை. பிள்ளைகள் தெருவில் அச்சமின்றி விளையாடலாம். இது சிறிய நன்மையன்று. ஆனால் அந்த அமைதிக்கான விலையை முதன்மைச் சாலை கொடுக்கிறது: பக்கத்து நகரில் உள்ள கடைக்குப் போகவும் அதில் ஏறி இறங்க வேண்டியிருப்பதால், சிறு பயணமும் அங்கேயே குவிகிறது. மழைக்காலத்தில் வாயிலில் நீர் தேங்கினால் உள்ளிருக்கும் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். ரயில் பாதைகளும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஏற்கெனவே துண்டாக்கிய வட சென்னையில், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் வெள்ளம் நிற்கும்போது போக்குவரத்து முடங்குவது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, புதிய தடைகளை நாமே கட்டிக்கொள்வது வேதனை தருகிறது.

என் தேர்வு இணைந்த தெருக்களே. கட்டடத்தை இடித்துவிட்டு வேறு கட்டலாம். தெருவின் தடமோ ஒருமுறை விழுந்தால் தலைமுறைகளுக்கு மாறுவதில்லை. ஜார்ஜ் டவுன் இன்றும் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டுத் தடங்களிலேயே நடக்கிறது. எனினும் எல்லாத் தெருக்களிலும் கார்களை அனுமதிக்க வேண்டியதில்லை. நகர்களுக்கு இடையிலான மதிலில், நடப்பவரும் மிதிவண்டியும் செல்லும் அளவுக்கு வழி விட்டால் தெருவின் அமைதியும் கெடாது, சுற்றும் குறையும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே, அதன் சாலை எல்லைவரை சென்று அடுத்த நிலத்தின் சாலையோடு சேரும்படி வரைபடத்தில் கட்டாயமாக்க வேண்டும். மனைகள் விற்று வீடுகள் எழுந்தபின் வழி கேட்டால், யாராவது ஒருவர் தம் வீட்டை இழக்க வேண்டியிருக்கும்.