பர்ட்ஸ்வில்லா, ஊட்னடாட்டாவா? பழைய வண்டிக்கு ஏற்ற மண் ரோடு எது

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, அடிலெய்டிலிருந்து சுமார் 685 கிலோமீட்டரில் மாரீ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரில் வழி இரண்டாகப் பிரியும். வடக்கே போவது பர்ட்ஸ்வில் டிராக். 517 கிலோமீட்டர் ஓடி, எல்லை தாண்டி, குவீன்ஸ்லாந்தின் பர்ட்ஸ்வில்லில் முடியும். மேற்கே திரும்புவது ஊட்னடாட்டா டிராக். சுமார் 620 கிலோமீட்டர் போய் மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைத் தொடும். இரண்டும் மண் ரோடு. இரண்டிலும் நான் ஒரே வண்டியில்தான் போயிருக்கிறேன்: 1994ஆம் வருடத்து லேண்ட் குரூசர், 80 சீரிஸ், 4.2 லிட்டர் டீசல் எஞ்சின். மீட்டர் நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ரொம்ப நாளாகிறது.

நண்பரின் தம்பி ஒருவன் இப்போது அதே வயசு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். வந்ததும் கேட்டான். "அண்ணா, முதல் தடவை எதில் போகலாம்? எது கஷ்டம் கம்மி?"

காய்ந்த காலத்தில் இரண்டிலுமே கஷ்டம் பெரிதாக ஒன்றும் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை, மழை இல்லாத வாரங்களில், நிதானமாக ஓட்டத் தெரிந்த யாரும் போய்வரலாம். முப்பது வயசு வண்டியை வைத்திருப்பவன் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: பாதி வழியில் வண்டி முனகத் தொடங்கினால், அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இரண்டு ரோடுகளையும் எடை போடுகிறேன்.

மூன்றாவதாக ஸ்ட்ரெஸ்லெக்கி டிராக்கையும் சிலர் சேர்ப்பார்கள். லிண்ட்ஹர்ஸ்டிலிருந்து இன்னமிங்காவுக்குப் போகும் வழி அது. மூம்பா எரிவாயு வயல்களுக்கும் அதுதான் வழி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தார் ரோடாக்கி வருகிறார்கள். 1861இல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு நாடாய்வாளர்கள் உயிரைவிட்ட கூப்பர் ஓடைக்கரையைப் பார்க்க அவசியம் போங்கள். மண் ரோட்டுக்காகப் போகிறீர்கள் என்றால் இந்த அலசலில் அதற்கு இடமில்லை.

சரி, முதலில் ரோட்டின் மேல்பரப்பு. பழைய வண்டியை அடிப்பது மணலோ மேடோ கிடையாது, காருகேஷன். ரோட்டின் குறுக்கே வரிவரியாக, கைவிரல்களை அடுக்கி வைத்த மாதிரி விழும் சின்ன அலைகளுக்கு அந்தப் பெயர். காய்ந்த உதிரி மண்ணில் சக்கரங்கள் ஓரளவு வேகத்தில் ஓட ஓடத் தாமாகவே உருவாகும். ஒரு வண்டி போட்ட அலையில் அடுத்த வண்டியின் சக்கரம் குதிக்கும், விழுந்த இடத்தில் இன்னும் ஆழமாக்கும். மணிக்கணக்கில் அதன் மேல் ஓடும்போது வண்டியில் இருக்கும் ஒவ்வொரு நட்டும் கழன்றுவிடலாமா என்று யோசிக்கும். பேட்டரி தட்டு விரிசல் விடும். ரூஃப் ரேக்கின் கால்கள் தளரும். எல்லாவற்றுக்கும் முதலில் ஷாக் அப்சார்பர் களைக்கும். அதன் வேலையே குலுக்கலைச் சூடாக மாற்றுவதுதான். உள்ளே இருக்கும் எண்ணெய் கொதிக்கக் கொதிக்கச் சீல் பழுதாகி, எண்ணெய் வெளியே கசியும்.

இதில் ஊட்னடாட்டாதான் மோசம். நான் போன முறைகளில் எல்லாம் மாரீக்கும் வில்லியம் க்ரீக்குக்கும் நடுவில் பல் ஆடும் அளவுக்கு அலைகள் இருந்தன. ஓடைகள் குறுக்கிடும் பள்ளங்கள் வேறு அடிக்கடி வரும். கொஞ்சம் அசந்தால் முன் சக்கரம் இறங்கி மோதும் சத்தம் முதுகெலும்பில் கேட்கும். பர்ட்ஸ்வில் அகலமான ரோடு. மாடு ஏற்றிவரும் ரோடு டிரெயின்களுக்காக, அதாவது பல டிரெய்லர்களை இழுத்துவரும் லாரிகளுக்காக, அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மண்ணைச் சமன் செய்யும் கிரேடர் இயந்திரம் போய்ச் சில நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் தார் ரோட்டைப் போலவே ஓடலாம். ஆனால் அங்கே கல் இருக்கிறது. ஸ்டர்ட் கற்பாலைவனத்தின் சிவப்புக் கூழாங்கற்கள் பார்க்க வழவழப்பாகத் தெரியும். உடைந்தவற்றின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. அங்கே ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

இரண்டு ரோட்டுக்கும் மருந்து ஒன்றே: காற்றை இறக்கு, வேகத்தைக் குறை. சாமான் ஏற்றிய என் வண்டிக்குத் தார் ரோட்டில் 38 பிஎஸ்ஐ வைக்கிறேன், மண்ணில் 28. வேகம் எழுபதைத் தாண்டுவதில்லை. சிலர் தொண்ணூறில் போனால் அலைகளின் தலைமேல் மிதந்து போய்விடலாம் என்பார்கள். மிதப்பது உண்மைதான். சக்கரம் பாதி நேரம் தரையிலேயே இல்லாததால்தான் அப்படி மிதக்கிறது. வளைவிலோ, ஒரு ஈமு பறவை குறுக்கே ஓடினாலோ பிரேக் பிடிக்காது. முப்பது வருட ஸ்டியரிங்கை நம்பி அந்த வேகத்தில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முதல் முறை ஊட்னடாட்டா போனபோது பின் ஷாக்குகள் பழசு என்று தெரிந்தும், "இந்த ஒரு பயணம் தாங்கும்" என்று தள்ளிப்போட்டேன். மாரீயிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் கர்டிமுர்கா என்ற பழைய ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே நிறுத்தி, குனிந்து, புறங்கையால் ஒவ்வொரு ஷாக்காகத் தொட்டுப் பார்த்தேன். முன்னால் இரண்டும் கையை வைக்க முடியாத சூடு. பின்னால் வலது பக்கமும் அப்படியே. இடது பின்பக்கம் மட்டும் வெயிலில் கிடந்த குழாயின் சூடுதான் இருந்தது. அதன் உடம்பு முழுக்க எண்ணெய் கசிந்து, அதில் செம்புழுதி ஒட்டி, சேறு பூசின மாதிரி இருந்தது. ஷாக்கைப் பொறுத்தவரை சூடு இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அது செத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பதில் உருட்டி வில்லியம் க்ரீக் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு ஹோட்டல், ஒரு டீசல் பம்பு, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள். ஷாக் கிடைக்கும் இடம் இல்லை. ஆனால் அங்கிருந்து மேற்கே ஒரு ரோடு 166 கிலோமீட்டரில் கூபர் பீடிக்குப் போகிறது. கூபர் பீடியில் பட்டறை உண்டு, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை உண்டு, லாரியில் ஏற்றி அனுப்பவும் வழி உண்டு. மறுநாள் மத்தியானம் புது ஷாக்குகளோடு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குத்தான் ஊட்னடாட்டா டிராக்கின் உண்மையான பலம் எனக்குப் புரிந்தது. அந்த ரோட்டுக்குக் கதவுகள் இருக்கின்றன, நடுவழியில் வெளியேறும் ரோடுகள். கர்டிமுர்கா வருவதற்கு முன்பே போர்ஃபீல்ட் ரோடு ராக்ஸ்பி டவுன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் இறங்குகிறது. வில்லியம் க்ரீக்கில் ஒரு கதவு. ஊட்னடாட்டாவிலிருந்தும் கூபர் பீடிக்கு மண் ரோடு இருக்கிறது. சுமார் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை டீசலும் மனித முகமும் வந்துகொண்டே இருக்கும்.

பர்ட்ஸ்வில்லுக்கு அப்படிக் கதவு கிடையாது. மாரீயை விட்டால் சுமார் 205 கிலோமீட்டரில் மங்கரானி ஹோட்டல். அதன் பிறகு பர்ட்ஸ்வில் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பம்பு இல்லை. நடுவில் மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன, ஆனால் பக்கத்து வீடு என்பதே அங்கே பல பத்துக் கிலோமீட்டர். என் ஷாக் மங்கரானிக்கு வடக்கே நூறாவது கிலோமீட்டரில் செத்திருந்தால், முன்னால் போவது அல்லது வந்த வழியே திரும்புவது, இரண்டே வழி. பர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்தாலும் நூறு பேர் வாழும் ஊரில் உதிரிபாகம் வரக் காத்திருக்க வேண்டும். 1963 டிசம்பரில் இந்த ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து, வண்டியை விட்டு நடந்த ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் தாகத்தில் இறந்தார்கள். இன்று போக்குவரத்து அதிகம், சாட்டிலைட் போன் இருக்கிறது, இருக்கும் இடத்தைச் சாட்டிலைட் வழியே அறிவிக்கும் அவசர பீக்கன் இருக்கிறது. ஆனாலும் வண்டியை விட்டு நகராதே என்ற விதி மாறவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்குப் போட்டு, போகும் நாட்களைவிட மூன்று நாள் கூடுதலாகவே தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். அதையும் ஒரே டாங்கியில் வைப்பதில்லை.

டீசல் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 95 லிட்டர் டேங்க், நூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்று லிட்டர் குடிக்கும் வண்டி, பர்ட்ஸ்வில்லை ஒரே மூச்சில் தாண்டிவிடும். 4.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் என்றால் மங்கரானியில் நிரப்பாமல் போகக்கூடாது.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் முடிவெடுக்கும். பத்து மில்லிமீட்டர் பெய்தாலே களிமண் பகுதி சோப்பாகிவிடும். ரோட்டை மூடிவிடுவார்கள். மாரீயின் பலகையில் மூடியது என்று எழுதியிருந்தால் அதை மீறுகிறவருக்கு அபராதம் உண்டு, அதைவிடப் பெரிய குற்றம் ஆழமான தடங்களை உழுதுவிட்டுப் போவது. அவை காய்ந்தால் பல வாரத்துக்கு எல்லோரையும் படுத்தும். பர்ட்ஸ்வில்லுக்கு இன்னொரு சிக்கல், கூப்பர் ஓடை. தலைக்கு மேல் நீல வானம் இருக்கும், குவீன்ஸ்லாந்தில் மாதக்கணக்குக்கு முன் பெய்த மழை மெதுவாக வந்து ரோட்டை மூழ்கடிக்கும். அப்போது சுற்றுவழியில் ஒரு சின்ன ஃபெர்ரியில் வண்டியை ஏற்றிக் கடப்பார்கள்.

பார்ப்பதற்கு எது? இங்கே நான் ஊட்னடாட்டா பக்கம் சாய்கிறேன், மறைக்கவில்லை. அது தண்ணீரைத் தேடிப் போன வழி. நிலத்தடியில் இருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் நீர்ப்படுகையின் அழுத்தத்தில் பாலைவனத்தின் நடுவே ஊற்றுகள் கிளம்புகின்றன. அந்த மண்ணின் பழங்குடிகளான அரபானா மக்கள் காலங்காலமாக அவற்றை ஒட்டி நடந்தார்கள். 1859இல் ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் என்ற நாடாய்வாளர் வந்தார், 1872இல் தந்திக்கம்பி வந்தது, பிறகு கான் ரயில் வந்து 1980 வரை ஓடியது. பப்ளர் என்ற ஊற்றின் விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் சாம்பல் நிற மணல் ஒரு குமிழாக உப்பி, வட்டமாகச் சுருண்டு, உடையாமலே அமிழும். கொஞ்ச நேரத்தில் மறுபடி உப்பும். கவர்ட் ஸ்பிரிங்ஸில் வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்கினால் நாள் முழுக்கச் சேர்ந்த குலுக்கல் இறங்கிவிடும். ஆல்ஜபக்கினாவில் 578 மீட்டர் நீள ரயில் பாலம் 1892லிருந்து நிற்கிறது.

பர்ட்ஸ்வில்லின் அழகு வேறு மாதிரி. அது வெறுமையின் அழகு. அதை விரும்புகிறவருக்கு இணையே இல்லை. 1936லிருந்து சுமார் இருபது வருடம் டாம் குரூஸ் என்ற தபால்காரர் லாரியில் அந்த வழியே தபாலும் சாமானும் கொண்டுபோனார். மணல்மேடுகளில் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டுப் போட்டு ஏறியிருக்கிறார். நட்டரானி மணல்மேடுகளில் இன்று வசதியாக ஏறி இறங்கும்போது அந்தத் தகடுகளை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

வண்டியைத் தயார் செய்வது இரண்டுக்கும் ஒன்றுதான். ரேடியேட்டர் ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் புதுசாக மாட்டிவிட்டு, கழற்றிய பழசை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். வீல் பேரிங்கைத் திறந்து கிரீஸ் மாற்றுங்கள். அப்புறம் புழுதி: முப்பது வருட ரப்பர் பீடிங்குகள் வழியாகப் பின்கதவில் அது உள்ளே உறிஞ்சப்படும். கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, ஃபேனை வெளிக்காற்றில் வைத்து வேகமாக ஓடவிட்டால், உள்ளே அழுத்தம் கூடிப் புழுதியைத் தள்ளி வைக்கும். முன்னால் ரோடு டிரெயின் வந்தால் யூஎச்எஃப் ரேடியோவில் சேனல் 40இல் பேசிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது ஊட்னடாட்டா. பர்ட்ஸ்வில் ரோடு அதைவிட வழுவழுப்பாக இருக்கலாம், இருந்தாலும் வண்டியின் குணம் தெரியாத முதல் பயணத்தில் அங்கே வேண்டாம். இரண்டு பயணம் முடிந்து, எது கழலும், எது கசியும் என்று கைக்குத் தெரிந்த பிறகு வடக்கே போகட்டும்.

ஜூனில் கிளம்புகிறான். மாரீயில் காற்றை 28க்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். கர்டிமுர்காவில் நிறுத்தி, நாலு ஷாக்கையும் புறங்கையால் தொட வேண்டும். இடதும் வலதும் ஒரே சூடு என்றால் வில்லியம் க்ரீக்கிலிருந்து ஊட்னடாட்டா பக்கம் போகலாம். ஏதாவது ஒன்று ஆறியிருந்தால் நேரே கூபர் பீடி.