ஏழு படி ஆங்கிள் கொலுப்படி: சில நவராத்திரிகளுக்குப் பிறகு

கழற்றி மாட்டும் கொலுப்படிகளின் விலை இந்த ஆண்டு இறங்கியிருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று அலுவலகத் தோழி ஒருவர் கேட்டார். மகாளய அமாவாசையன்று மாலை எங்கள் வீட்டில் படி பூட்டி முடித்ததற்கு மறுநாள் அந்தக் கேள்வி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். வலக்கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் ரத்தம் கட்டியிருக்கும் நிலையில் எழுதப்படும் கருத்து இது. படிப்பவர்கள் அதற்கேற்பக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். துளை ஆங்கிள் என்பது வரிசையாகத் துளையிட்ட, L வடிவில் மடித்த இரும்புச் சட்டம்; படிக்குக் கால்களாக நிற்பது அதுதான். எந்தப் படிக்கு எவ்வளவு விலை என்பதைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அதற்குள் போகவில்லை.

எங்களுடையது ஏழு படி, நான்கடி நீளம், ஒவ்வொரு படியும் எட்டு அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் கொண்டது. சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்த ஆங்கிள்கள், துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டுகள், மூலைகளுக்கு முக்கோணத் தகடுகள் என்ற வழக்கமான அமைப்புதான். இதற்கு முன்பு மாமியாரின் டிரங்குப் பெட்டிகளும் அரிசி டிரம்மும் இரண்டு பலகைகளுமே படிகளாக இருந்தன. பெட்டிகளின் அடிப்பாகம் துருவேறி விட்டுப்போன பிறகுதான் இதை வாங்கினோம். அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆண்டு முழுவதும் பொம்மைகளைச் சுமந்த பெட்டியே, பொம்மைகள் வெளியே வந்ததும் படியாகிவிடும்; படியை வைத்துக்கொள்ள இடம் வேண்டாம், காலியான பெட்டியை வைக்கவும் இடம் வேண்டாம். இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வேலைக்குப் போகும் இருவர், பள்ளிக்குப் போகும் இருவர், மாமியார் ஆகியோர் வாழும்போது, பத்து நாள் நிற்கும் ஒரு பொருள் மற்ற மாதங்களில் எங்கே கிடக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இந்தப் படி எதிர்பாராத விதமாக நல்ல பதில் சொன்னது. அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் நட்டைப் பற்றிப் பேசாமல் என்னால் மேற்கொண்டு எழுத முடியாது.

தட்டு ஒன்றுக்கு மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட், ஆக ஏழு தட்டுக்கு 28, முக்கோணத் தகடுகளுக்கு அதற்கும் மேல். எல்லாம் 8 மில்லிமீட்டர் போல்ட். 12-13 ஸ்பேனரில் 13 பக்கம் பொருந்தும். போல்ட்டின் தலை ஆங்கிளுக்கு வெளியிலும் நட்டு உள்ளுக்கும் வருவதால், ஒருவர் வெளியே தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, ஆங்கிளும் தட்டும் சேரும் முடுக்கில் ஸ்பேனரை நுழைத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். கடையில் கொடுத்த ஸ்பேனர் தகட்டில் வெட்டியது, அதுவும் ஒன்றே ஒன்று. நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றும் என்பது அதைக் கொடுத்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? பெரியவர்களின் விரல் நுழையாத இடங்களில் இளையவளின் விரல்தான் நட்டைப் பிடித்து வைக்கிறது. அவள் கையிலிருந்து நழுவும் நட்டு தரையில் நேராக விழுந்து நிற்பதே இல்லை. தட்டில் ஒரு முறை மோதி, வீடே திரும்பிப் பார்க்கும்படி ஓசை எழுப்பி, பீரோவின் அடியில்தான் போய்ச் சேரும்.

யார் வேண்டுமானாலும் அரைமணி நேரத்தில் பூட்டிவிடலாம் என்று விற்றவர் சொன்னார். ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகிறது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே மாட்டி, கால்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். முதல் தட்டிலேயே இறுக்கிவிட்டால் மேல் தட்டின் துளையும் ஆங்கிளின் துளையும் ஒரு நூல் அளவு விலகி நின்று கடைசிவரை ஒத்துழைக்காது. இதெல்லாம் சாவகாசமான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. எங்கள் வீட்டு வழக்கப்படி அமாவாசையன்று படி நின்றாக வேண்டும், அன்றிரவே மரப்பாச்சித் தம்பதியையாவது மேல் படியில் ஏற்றிவிட வேண்டும். காலையில் தர்ப்பணம், அதை ஒட்டிய சமையல், அதற்கு மேல் அலுவலகம் என்று நாள் ஏற்கெனவே நிரம்பி வழியும்போது, அந்தி சாயும் நேரத்தில் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களின் நிதானத்தை யாரும் சோதிக்கக் கூடாது.

ஸ்பேனரே தேவைப்படாத பட்டாம்பூச்சி நட்டு வாங்கிப் போடலாமே என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தோம். அதன் இரு சிறகுகளும் ஆங்கிளின் உள்சுவரில் இடிப்பதால் முழுச் சுற்று வருவதில்லை. வருகிற இடங்களிலும் கைவிரலின் இறுக்கம் மூலைத் தகடுகளுக்குப் போதாமல் படி முழுவதும் ஆடியது. ஆட்டத்தை நாங்கள் தெரிந்துகொண்டது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் மூலம். கூடத்தில் யார் நடந்தாலும் மூன்றாம் படியில் அமர்ந்திருந்த ராணி மெல்லத் தலையசைத்து ஆமோதிக்கத் தொடங்கினாள். பிள்ளைகளுக்கு அது பெருமகிழ்ச்சி. எனக்கோ நான்காம் படியிலிருந்த மண் தசாவதாரத்தின் மீதுதான் கண். மறுபடியும் ஆறுமுக நட்டுக்கே திரும்பினோம்.

சுமை விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நான்கடித் தட்டின் நடுவில் பாரத்தை வைத்தால் தகடு மெல்ல வளைகிறது. அடியில் ஒரு பிளைவுட் பட்டை கொடுத்த பிறகு அது நின்றது. பண்ருட்டி, விளாச்சேரி மண் பொம்மைகளைக் கால்களை ஒட்டிய இரு ஓரங்களிலும், காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மைகளையும் கொண்டபள்ளியின் எடையற்ற மர பொம்மைகளையும் நடுவிலும் வைத்தால் தட்டு நேராக இருக்கும். தெய்வங்கள் மேலே, மனிதர்கள் கீழே என்ற முறையையும் இந்த எடைக் கணக்கையும் ஒருசேரக் காப்பாற்றுவது எளிதன்று. தசாவதாரம் பத்தும் நான்கடிக்குள் அடங்க ஒவ்வொன்றுக்கும் ஐந்து அங்குலம்கூடக் கிடைப்பதில்லை. கல்கி குதிரையோடு வருவதால் எங்கள் வீட்டில் அவர் எப்போதும் பக்கவாட்டில் திரும்பியே நிற்கிறார்.

இனி, இந்தப் படி கொடுத்த மகிழ்ச்சி. அது காந்தத்தால் வந்தது. ஏழு படிக்கும் வெள்ளை வேஷ்டி விரிப்பது எங்கள் வழக்கம். டிரங்குப் பெட்டிக் காலத்தில் அந்த வேஷ்டியை ஊக்கு குத்தியும் குண்டூசி செருகியும் மடிப்பில் நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். ஒரு பொம்மையை நகர்த்தினால் துணி முழுவதும் கீழே இறங்கும். இரும்புத் தட்டு வந்த முதல் ஆண்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கிடந்த காந்தம் ஒன்றைப் பெரியவன் விளையாட்டாகத் துணியின் மீது வைத்தான். அது தட்டின் முன்விளிம்பில் துணியோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு நின்றது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஊக்கு கிடையாது. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சிறு பொத்தான் காந்தங்களைப் படிக்கு ஐந்தாக வைத்தால் வேஷ்டியின் ஜரிகைக் கரை நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது. சலவைக்குப் போகும்போது துணியில் ஓட்டையும் இல்லை.

காந்தத்தைக் கண்டுபிடித்த பிறகு அலங்கார வேலை முழுவதும் பிள்ளைகளிடம் போய்விட்டது. பழைய அழைப்பிதழ்களிலிருந்து வெட்டிய மாங்காய் வடிவங்கள், வண்ணக் காகிதத் தாமரைகள், ஒவ்வொரு அவதாரத்தின் பெயரையும் எழுதிய சிறு அட்டைகள் எல்லாவற்றின் முதுகிலும் ஒரு காந்தத்தை ஒட்டி, படியின் முன்விளிம்பில் தினம் ஓர் ஒழுங்கில் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பசையும் செலோடேப்பும் இல்லாததால் பிறகு சுரண்ட வேண்டிய வேலை இல்லை. அந்த அலங்காரங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கி அடுத்த ஆண்டும் வருகின்றன. சீரியல் விளக்கின் ஒயரை ஆங்கிளின் துளைகள் வழியே உள்பக்கமாகக் கொண்டுபோய்விட்டால் ஒரு கம்பிகூட வெளியே தெரியாது. தென்னங்குருத்துத் தோரணம் கட்டவும் ஆணி தேடியதில்லை. நானாக ஒரு நாள் கடையில் நின்று யோசித்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காத வசதிகள் இவை. வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளலாம்: பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகில் பல வகைகள் காந்தத்தைப் பிடிப்பதில்லை. ஆகையால் கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

படியின் அடிவயிறு இன்னொரு லாபம். பொம்மைகள் வந்த அட்டைப்பெட்டிகள், தாம்பூலத்துக்கான தேங்காய், வெற்றிலைப் பாக்கு, ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமப் பொட்டலங்கள் எல்லாம் பின்பக்கம் வழியாக உள்ளே போய்விடுகின்றன. மாலையில் நான் அலுவலகத்திலிருந்து நுழையும்போதே வெற்றிலைப் பாக்குக்கு வந்தவர்கள் அமர்ந்திருந்தாலும், கையை நீட்டினால் எடுத்துக் கொடுக்கலாம். வேஷ்டிக்குப் பின்னால் இருக்கும் அமர்க்களம் அவர்கள் கண்ணில் படாது.

விஜயதசமிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் நான் முன்பு ஒத்திவைத்த பதில். பின்வரிசையின் உயரமான நான்கு கால்களை நேராக நிறுத்தி, நான்கு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டினால் பிள்ளைகளின் அறைக்கு ஒரு புத்தக அலமாரி கிடைத்துவிடுகிறது. எட்டு அங்குல அகலம் பள்ளி நோட்டுகளுக்கென்றே அளந்தது போல இருக்கிறது. மீதி மூன்று தட்டுகளும் குட்டைக் கால்களும் பால்கனியில் பூந்தொட்டிகளைத் தாங்குகின்றன. பரணுக்கு ஏறுவது பொம்மைப் பெட்டிகள் மட்டுமே. அடுத்த நவராத்திரிக்கு அலமாரியைக் கலைக்கும்போது புத்தகங்களுக்கு வேறு இடம் இல்லாததால் அவை முதல் நாளே படிக்குப் பக்கத்தில் வந்து அடுக்கப்படுகின்றன. சரஸ்வதி பூஜைக்கு வைக்க வேண்டியவை முன்கூட்டியே பூஜையில் சேர்ந்துவிட்டன, இனி விஜயதசமி வரை தொடக் கூடாது என்று பிள்ளைகள் வாதாடுகிறார்கள். சாஸ்திரம் தெரிந்த பாட்டியும் அவர்கள் கட்சி.

பிரித்துக் கட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. விஜயதசமி கழிந்து இருபது நாளில் தீபாவளி வந்துவிடும், இடையிலேயே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். பூட்டும்போது போல்ட் உரசிப் பெயிண்ட் போன துளைகளில் அந்த ஈரத்தில் துரு பிடிக்கிறது. அதைத் துடைக்காமல் விட்டால் மறு ஆண்டு வேஷ்டியில் பழுப்புக் கறை விழும். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் பெரும்பாலும் போகிறது, ஜரிகையில் பட்டால் போவதில்லை. பொம்மைகளைச் செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும் என்பதால் பழைய வேஷ்டிக் கிழிசலில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதன் புகைப்படத்தை வெளியே ஒட்டிவிடுகிறோம். மரப்பாச்சி இருக்கும் பெட்டி பரணில் எல்லாவற்றுக்கும் முன்னால்.

இத்தனை நன்மைகளை எழுதிய பிறகும் தோழிக்கு நான் அனுப்பிய பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். கூட்டிக் கழித்தால் படியின் பக்கமே கணக்கு அதிகம் நிற்கும் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் கூட்டிக் கழிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை மாலை நேரத்தில் இரண்டு பெரியவர்களையும் ஒரு குழந்தையையும் படிக்கு அடியில் உட்கார வைத்து, ஒருவர் மீது ஒருவரை எரிந்து விழச் செய்யும் ஒரு பொருளுக்குப் பரிந்துரை எழுத எனக்குக் கை வரவில்லை. நட்டு இல்லாமல் கொக்கி போட்டுத் தொங்கவிடும் தட்டு அமைப்பு ஒன்றைக் கொலுப்படிக்கென்று யாராவது ஒழுங்காகச் செய்து விற்கட்டும், அன்றே இதை எடைக்குப் போடுகிறேன்.

அவர் முன்பணம் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. அப்படியானால் ஏழு படி வேண்டாம், ஐந்து படி போதும் என்று சொல்லியிருக்கிறேன். கடையில் கொடுக்கும் தகட்டு ஸ்பேனரை நம்பாமல் இரும்புக் கடையில் 12-13 ஸ்பேனர் இரண்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் ஒரு கைப்பிடி கூடுதலாகக் கேட்க வேண்டும். படி வீடு வந்து சேரும் முன்பே கேட்டால் கொடுப்பார்கள்.